வீட்டில் இல்லாதவருக்கு வந்த சம்மன்

1

ஊரிலிருந்து என் தங்கை நேற்று ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பின்னால் சேவல் கூவுகிறது, மாவு மில் ஓடுகிறது, இரண்டையும் தாண்டி இவள் சிரிப்பு கேட்கிறது.

"அண்ணே, நம்ம தெருவுக்குக் கோர்ட்டு அமீனா சம்மனோட வந்தாரு. கீழவீட்டு ராசு மேல வரப்புத் தகராறுல கேசு. அத்தன வீட்டுக்காரவுகளும் கதவச் சாத்திப்புட்டோம்ல. மனுசன் தட்டித் தட்டிப் பாத்துட்டு, வீடு பூட்டிருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. ராசு இப்ப ஒரே குசி."

நான் அப்போது கடல் தாண்டி, கேமரன் மலை ரிங்லெட்டில் காதர் பாய் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்தபோது டீயில் பாதி தம்ளரில் இருந்தது, பாதி என் காலில் இருந்தது. உடனே தங்கைக்குப் பதில் அனுப்பினேன்: "ராசுவைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையிலேயே கோர்ட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கையோடு வாங்கச் சொல்." அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினாள். அண்ணன் எப்போதும் போல வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவன் திடீரென்று உண்மை பேசினால் யார் நம்புவார்கள்?

ஆகவே ராசுவுக்காகவும், ராசுவைப் போலக் குசியாக இருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சட்டம் படித்தவன் எழுதுவதல்ல இது. எனக்குத் தெரிந்த சட்டச் சொற்கள் எல்லாம் பயத்தில் படித்தவை. ஆனால் பயத்தில் படித்தது மறக்காது.

2

என் பெயர் ஆரோக்கியசாமி. ஆரோக்கியமெல்லாம் பெயரில் மட்டும்; நெஞ்சு கோழிநெஞ்சு. தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து பாயின் சாப்பாட்டுக் கடைக்கு டீ மாஸ்டராக இந்தக் கேமரன் மலைக்கு வந்தேன். இன்னும் அதே கடையில், அதே அடுப்புக்கு முன்னால்தான் நிற்கிறேன். நடுவில் நடந்த பெரிய மாற்றம் பிலோமினா.

பிலோமினா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர். இவளும் கொழுந்தெடுத்தாள். இப்போது கையால் கிள்ளுவதெல்லாம் குறைந்துவிட்டது. இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கும் எந்திரம்தான் வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்த எந்திரம் சரிவில் இழுத்த இழுப்பில் பிலோவின் வலது தோள் பிசகிப்போயிற்று. அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை.

எங்கள் சங்கடம் அங்கேதான் தொடங்கியது. தோட்டத்தில் லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் வீடும் போகும். இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தோட்டத்தில் காகிதத்தைவிட வாய்க்கு மரியாதை அதிகம். துரை, அதாவது மேனேஜர், ஒன்றைச் சொல்லி, ஆபீசுக் கணக்கரான கிராணி அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டால் அதுதான் பட்டயம். பிலோவின் அப்பா வேலையிலிருந்து நின்ற நாளில் அப்போதைய துரை வீட்டுக்கே வந்தாராம். பலகை வைத்து அடைத்த சமையல்கட்டில் புகை கண்ணைக் கரித்ததாம். "உன் மகள் உயிரோடு இருக்கிறவரை இந்த வீட்டில் இருக்கட்டும். பின்னால் கல் வைத்து ஒழுங்கான அடுப்படி கட்டிக்கொள்" என்றாராம். மாசிலாமணி கிராணி அதைத் தமிழில் சொன்னாராம். அப்பாவும் மகளும் மழைக்கு நடுவே கல் சுமந்து அடுப்படியைக் கட்டினார்கள். அந்தத் தரையில்தான் எங்கள் மகள் தவழ்ந்தாள். நான் கல்யாணமாகி வந்தபோது அடுப்படிச் சுவர் காய்ந்திருந்தது. என் பங்குக்கு நான் அதில் ஓர் ஆணி அடித்தேன், அதுவும் கோணல்.

அந்த வாக்கின்போது இருந்தவர்கள் நால்வர். பிலோவின் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். துரையும் தன் ஊரில் இறந்துவிட்டதாகக் கேள்வி. மிச்சம் பிலோவும் கிராணியும். பிலோ சொன்னால், வீட்டுக்காரி வேறு எப்படிச் சொல்வாள் என்பார்கள். ஆக, மிச்சம் கிராணிதான்.

இப்போதைய நிர்வாகத்துக்கு எங்கள் வரிசை வேண்டும். லயத்தை இடித்து, பனியைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு மர வீடுகள் கட்டப் போகிறார்கள். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு காகிதம் வரும்.

3

ஒரு மத்தியானம் மழைச்சட்டை போட்ட ஒரு மலாய்க்காரர் கடைக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தினார். என் வயதிருக்கும். ஒரு டீ சொன்னார். ஆற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்து, "நல்லா இருக்கு, ஆபாங்" என்றார். ஆபாங் என்றால் அண்ணன். மனம் குளிர்ந்துபோய் நின்றேன். பிறகு பையிலிருந்து நீளமான உறையை எடுத்து, மலாயில் கேட்டார்:

"இந்தத் தோட்டத்தில் பிலோமினா என்று ஒருத்தர். வீடு எங்கே என்று தெரியுமா? கோர்ட்டுக் காகிதம் கொடுக்கணும்."

இந்த இடத்தில் வாசகர்கள் என் நெஞ்சைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவன். குடிமக்களுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. அதை வாங்க நான் நின்ற கவுண்டர்களில் மட்டும் என் தலைமுடியில் பாதி உதிர்ந்தது. மிச்சப் பாதி, அது பறிபோய்விடும் என்ற பயத்தில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு படம் ஓடியது: கையில் விலங்கு, விமான நிலையம், தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு பையோடு நான், இங்கே பிலோ தனியாக. கேசு யார் மேல், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

சிவில் வழக்கு, கிரிமினல் வழக்கு என்று இரண்டு உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். கிரிமினல் என்றால் அரசாங்கம், "நீ தப்புச் செய்தாய், தண்டிக்கிறேன்" என்பது. சிவில் என்றால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள பிணக்கை நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பது. இதில் விலங்கும் இல்லை, விமானமும் இல்லை. வழக்குப் போட்டவர் வாதி. பதில் சொல்ல வேண்டியவர் பிரதிவாதி. பிரதிவாதி என்றால் குற்றவாளி என்று பொருளில்லை. "உன் பக்கத்தைச் சொல்" என்று நாற்காலி போட்டுக் கூப்பிடப்பட்டவர், அவ்வளவுதான்.

ஆனால் அன்று டீ மாஸ்டர் ஆரோக்கியசாமி என்ன செய்தான் என்றால், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை வடக்கே நீட்டினான்.

"பிலோமினாவா? அவங்க இங்க இல்லையே. கோலா தெர்லாவுக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

கோலா தெர்லா மலையின் மறுகோடி. தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப் எல்லாவற்றையும் தாண்டி, காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அவர் நன்றி சொல்லிப் போனார். வானம் இடிந்து கொட்டியது. சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து, அங்கே அப்படி யாரும் இல்லை என்றார். "அடடா" என்றேன். சூடாக ஒரு டீ போட்டு, அவரிடம் காசு வாங்கவில்லை. என் மனசாட்சிக்கு நான் கட்டிய வரி அது.

கல்லாவிலிருந்து பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இராமநாதபுரத்துக்காரர், நாக்கில் உப்புக் கொஞ்சம் தூக்கல், பேச்சின் வாலில் இந்த ஊர் 'லா'வும் ஒட்டிக்கொள்ளும்.

"ஏன்டா ஆரோக்கியம், உன் பொஞ்சாதிக்குக் கோலா தெர்லால இன்னொரு வீடா? எனக்குச் சொல்லவே இல்ல?"

"பாய், சும்மா இருங்க. ஊர்ல நாங்க இப்படித்தான். கைல வாங்காத வரைக்கும் கேசு நிக்காது."

"அது உங்க ஊரு அமீனா லா. இங்க உள்ளவன் நனைஞ்சுக்கிட்டே வர்றான். நனைஞ்சு வர்றவன் லேசுல விடமாட்டான்."

4

நான் வரிசை முழுக்கச் சொல்லி வைத்தேன். மோட்டார் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துங்கள், வானொலியை அணையுங்கள், நாயை மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்று. காரணமாக, பழைய கடன் வசூலிக்கும் ஆள் என்று ஒரு கதை கட்டினேன். பிலோவுக்கும் அதே கதைதான். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நமக்குத்தான் கடனே இல்லியே." "எல்லாரும் சாத்துறாங்கல்ல, நாமளும் ஒரு பழக்கத்துக்கு" என்றேன்.

அவர் மறுபடி வந்தபோது நான் கோழிக்கூண்டுக்குள் இருந்தேன். என் உடம்புக்கு அந்தக் கூண்டு போதாது. ஒரு கால் வெளியே நின்றது. காலை யாரும் விசாரிக்கவில்லை. நாய்தான் துரோகி, அவரிடம் போய் வாலை ஆட்டியது.

அதற்கடுத்து அவர் வந்த நாளில் நான் கடையில் இருந்தேன், பிலோ தோளைக் காட்டத் தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் வீடு திரும்பியபோது எங்கள் கதவின் நடுவில், அந்தோணியார் படத்துக்குக் கீழே, காகிதம் ஒட்டப்பட்டிருந்தது.

சம்மனை உரியவர் கையில் சேர்ப்பதற்குச் 'சார்பு செய்தல்' என்று பெயர். ஆள் சிக்கவில்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். விட மாட்டார்கள். தேடிப் போனேன், கிடைக்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லி, "அப்படியானால் கதவில் ஒட்டு" என்று அனுமதி வாங்கிவிடுவார்கள். ஒட்டிவிட்டால் கையில் கொடுத்ததாகவே கணக்கு. நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும், கதவு படித்துவிட்டது.

நான் அதைக் கிழித்தேன். பிலோ வருவதற்குள் பசைத் தடத்தைக்கூடத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். காகிதத்தை மழைச்சட்டைப் பையில் திணித்தேன். அன்று ராத்திரி கோழிக்குழம்பு ருசியாக இருந்தது என்று நினைவு. முட்டாளுக்கு நாக்கு நன்றாக வேலை செய்யும்.

5

பிறகு பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஒரு காலையில் கோர்ட்டு அதிகாரி ஒருவரும் தோட்டத்து ஆள் ஒருவரும் வந்து, பிலோவின் கையிலேயே ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குறித்த தேதிக்குள் வீட்டைக் காலிசெய்து ஒப்படைக்க வேண்டும். தவறினால் சாமான்களை வெளியே வைத்துப் பூட்டுவார்கள்.

அவள் கடைக்கே வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரம், கூட்டம். அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று காகிதத்தைக் காட்டினாள்.

"தீர்ப்பாயிடுச்சாம். எனக்கு எதிரா. நான் கோர்ட்டுக்கு வரலியாம். எப்பங்க கூப்பிட்டாங்க?"

வழக்கமாக ஏதாவது ஒரு நகைச்சுவை தயாராக இருக்கும். அன்று மழைச்சட்டைப் பையிலிருந்து, ஈரத்தில் ஊறிக் காய்ந்து அப்பளமாகிப்போன அந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கோலா தெர்லாவைச் சொன்னேன். கோழிக்கூண்டைச் சொன்னேன். பாய் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

பிலோ கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோர்ட்ல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்கல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். "யாரும் வரலன்னதும் இல்லன்னு எழுதியிருப்பாங்க. நான் இங்கதானங்க இருந்தேன். அடுப்படியில."

இதற்குப் பெயர் ஒருதலைத் தீர்ப்பு. ஒரு பக்கம் பேசி, மறு பக்கம் வராவிட்டால், பேசியவர் கேட்டதையே கொடுத்துவிடுவது. உங்கள் பக்கம் தப்பு என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் பக்கமே அங்கே இல்லை என்று பொருள். அவளுக்கு என்ன உரிமை இருந்ததோ இல்லையோ, அதைச் சொல்ல வாய் இருந்தது. அந்த வாயைப் பொத்தியது கோர்ட்டும் இல்லை, தோட்டமும் இல்லை, டீ மாஸ்டர்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. அவள் என்னோடு சண்டை போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள். ஒவ்வொரு நாளும் அடுப்படிச் சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இடிக்கப் போகிற சுவரை யாராவது கழுவுவார்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கோணல் ஆணியில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

6

மகள் ஜெனிட்டா கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுகிற வேலை பார்க்கிறாள். அதனாலோ என்னவோ எங்களோடு பேசுவதற்கு மிச்சம் வைப்பதில்லை. நான் தமிழில் ஒரு பக்கம் பேசினால் "ஓகேப்பா" என்று வரும். விஷயத்தைச் சொன்னதும் முதல் தடவையாக நீளமாகப் பேசினாள்.

"அப்பா, சீரியஸாவே சம்மனக் கிழிச்சீங்களா?"

"கிழிச்சேன்னு சொல்ல முடியாது. பதமாத்தான் உரிச்சேன்."

"ஜோக் வேணாம்ப்பா. வீடு போனா போகட்டும் லா. இங்க வந்துருங்க. பழைய தகரக் கூரை அது. அம்மாவுக்கு ஏன் இவ்ளோ?"

ஒலிபெருக்கியில் பிலோ கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ அங்க தவழ்ந்த புள்ள" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் ஜெனிட்டா ஈப்போவில் ஒரு வக்கீலம்மாவின் முகவரியை அனுப்பியிருந்தாள். கீழே தமிழ் எழுத்தில், இரண்டு பிழைகளோடு: "ஒடிப் போகாதிங்க."

வக்கீலம்மா இளையவர். எங்கள் கதையைக் கேட்டு ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. என் கோமாளி வாழ்வில் இது பெரிய தோல்வி.

"கதவு இன்னும் முழுசா மூடல," என்றார். "ஒருதலைத் தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடலாம். ஆனா சீக்கிரம் போடணும். ரெண்டு விஷயம் காட்டணும். ஏன் வரல? வந்திருந்தா சொல்றதுக்கு உருப்படியா ஏதாவது இருக்கா?"

"ஏன் வரலன்னா, இவளுக்குக் காய்ச்சல்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன்.

"அது பிரமாணப் பத்திரம், அங்கிள். சாமி மேல கையை வச்சுச் சொல்ற மாதிரி. எழுத்துல சொல்ற சாட்சி. அதுல பொய் சொன்னீங்கன்னா, இத்தனை நாளா பயந்தீங்களே அந்தக் கிரிமினல், அது அப்பத்தான் வரும்."

ஆகவே உண்மையை எழுதினோம். நான், ஆரோக்கியசாமி, சம்மன் கொண்டுவந்தவரை வேண்டுமென்றே கோலா தெர்லாவுக்கு அனுப்பினேன். கதவில் ஒட்டியதை என் மனைவிக்குத் தெரியாமல் எடுத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. உறுதிமொழி வாங்கும் அதிகாரி முன்னால் எழுந்து நின்று அதைச் சொன்னேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். கோழிக்கூண்டு வரி வந்திருக்கும்.

உருப்படியாகச் சொல்ல என்ன இருக்கிறது? வக்கீலம்மா விளக்கினார். வாடகைக்கு இருப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு. நாங்கள் வாடகைக்காரர்கள் இல்லை. உடையவர் சம்மதத்தில் இருப்பவர்கள். சம்மதம் என்பது திறந்துவைத்த கதவு போல, திறந்தவரே சாத்தலாம். ஆனால் ஒருவர் வாக்குக் கொடுத்து, அந்த வாக்கை நம்பி இன்னொருவர் கல் சுமந்து சுவர் கட்டிவிட்டால், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று வாக்குக் கொடுத்தவர் சுலபமாகத் திரும்பிக்கொள்ள முடியாது. சட்டம் அவர் சட்டைக் காலரைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். இதற்கு ஆங்கிலத்தில் எஸ்டாப்பல் என்று பேராம். சொல் நினைவில்லாவிட்டாலும் காலர் நினைவிருந்தால் போதும்.

"உறுதியா ஜெயிப்போமா?" என்று பிலோ கேட்டாள்.

"உறுதி சொல்ல மாட்டேன், ஆன்ட்டி. அந்த வாக்கைக் காதால கேட்டவர் யாராவது வந்து சொல்லணும். இல்லன்னா இது நீங்க சொல்ற கதை மட்டும்தான்."

7

தானா ராத்தா கோர்ட்டுக்கு இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முதல் நாள் எங்கள் வழக்கை வாசித்தார்கள், வக்கீல்கள் எழுந்தார்கள், குனிந்தார்கள், தேதி கொடுத்தார்கள். சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. தேதி குறிப்பதற்கு மட்டுமே கூடும் நாள் உண்டு என்று அப்போது தெரிந்தது. இடையில் காலிசெய்யும் உத்தரவுக்கு நிறுத்திவைப்பு கிடைத்தது. நிறுத்திவைப்பு என்றால் ஜெயித்தது இல்லை. ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கைக்குக் கீழே படுத்துத் தூங்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் ஒருதலைத் தீர்ப்பு ரத்தாயிற்று. என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. வழக்கு முதலிலிருந்து தொடங்கும், பிலோ பேசலாம். ஆனால் சாட்சி?

மாசிலாமணி கிராணி இப்போது மகனோடு இருக்கிறார். மகன் மலைச்சரிவில் முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறார். நான் போனில் கூப்பிட்டேன். "ஞாபகம் இல்லப்பா, வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எந்தத் தீபாவளிக்கு எந்தத் துரை எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

வராத சாட்சியை வரவழைப்பதற்குச் சப்பீனா என்று ஒரு காகிதம் உண்டு. எங்கள் தரப்பில் வக்கீலம்மா அதை வாங்கினார். அதை ஆளின் கையில்தான் கொடுக்க வேண்டும். கொண்டுபோனவர் இருமுறை போயும், வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிவிட்டார். வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்க கூடப் போய் அடையாளம் காட்டுங்க, அங்கிள்" என்றார்.

கிராணி எங்கே இருக்கிறார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கோலா தெர்லாவில்.

காகிதம் கொண்டுபோகிறவர் யார்? யார் கூப்பிட்டாலும் போகிற, தனியாக அந்தத் தொழில் செய்கிற, அதே மழைச்சட்டைக்காரர். பெயர் ரஹிம். கடைக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தி, டீ குடித்து, தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஆபாங், இந்தத் தடவை நிஜமான கோலா தெர்லாதானே?"

பாய் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். ரஹிம் கையை அசைத்தார். "எல்லாரும் அப்படித்தான். கையில் இருப்பது பாம்பு என்று நினைக்கிறார்கள்." நான் மழைச்சட்டையை மாட்டினேன். பிலோவும் வந்தாள். வேண்டாம் என்றேன். "என் கேசு" என்றாள்.

8

பாயின் பழைய வேனில் ரஹிமின் மோட்டாருக்குப் பின்னால் போனோம். அதே மழை. திரிங்காப் வளைவில் கோசு ஏற்றிய லோரி ஒன்று எங்களை வெகுநேரம் தாண்டவிடவில்லை. இந்த மனிதரை இந்தச் சாலையில் வீணாக அனுப்பினேனே என்று ஒவ்வொரு வளைவிலும் அவருடைய நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கிராணியின் வீடு காய்கறித் தோட்டத்துப் பாதை முடிகிற இடத்தில். கதவு சாத்தியிருந்தது. விளக்கு இல்லை. ரஹிம் தட்டினார், பதில் இல்லை. "பார்த்தீர்களா, இப்படித்தான்" என்பது போல் என்னைப் பார்த்தார்.

ஆனால் இந்தக் கலையில் நான் பட்டம் வாங்கியவன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு, உள்பக்கம் இன்னும் ஈரம். சமையல்கட்டுப் பக்கம் கருவாடு வறுத்த வாசனை. ஒரு வானொலி, நாங்கள் இறங்கியபோது பாடிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், என் முழங்கை உயரத்தில், ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. பாவம், கோழிக்கூண்டைவிடக் கஷ்டம்.

"கிராணியாரே," என்றேன். "நான் ஆரோக்கியம். பிலோவோட வீட்டுக்காரன்."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து கிராணியின் குரலே வந்தது:

"கிராணி வீட்ல இல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பிலோ என் கையைப் பிடித்து அழுத்தினாள். இவ்வளவு நாளில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"சரிங்க," என்றேன். "வந்தா அவருகிட்ட ஒண்ணு சொல்லிடுறீங்களா?"

"...சொல்லு."

"இந்தக் காகிதத்துக்குப் பேரு சப்பீனா. இதுல அவரு பேரு இருக்கறதால அவரு மேல கேசு இல்ல. அவரு தப்புப் பண்ணலை, யாரும் அவரைப் புடிக்கப் போறதில்ல. அவரு இல்லாம இந்தக் கதைய முடிக்க முடியலன்னு கோர்ட்டே அவரைக் கூப்பிடுது. போயி, அன்னைக்கு என்ன கேட்டாரோ அத மட்டும் சொல்லணும். கூட்ட வேணாம், குறைக்க வேணாம். ஞாபகம் இல்லாதத ஞாபகம் இல்லன்னே சொல்லலாம்."

உள்ளே இழுப்புச் சத்தம் கேட்டது. பிறகு: "அவரு மகனோட வெள்ளாமை நிலம் சர்க்கார் பெர்மிட் நிலம். வருசா வருசம் புதுப்பிக்கணும். பெரிய ஆளுங்கள எதுத்துச் சாட்சி சொன்னா, நாளைக்கி அதையும் நோண்டுவாங்கன்னு அவருக்குப் பயம்."

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. "எனக்கும் அதேதான்," என்றேன். "சிவப்பு ஐசி அட்டை போயிடும்னு பயந்துதான் சம்மன் கொண்டுவந்த இவரப் பொய் சொல்லி இங்க அனுப்பி வச்சேன். வீட்டையே காவு குடுத்திருப்பேன். வக்கீலம்மாகிட்ட அவரு பயத்தப் பத்தியும் கேட்டுச் சொல்றேன். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாதுங்க."

பிலோ கதவுக்குப் பக்கத்தில் போனாள்.

"ஐயா, நீங்க அன்னைக்குத் தமிழ்ல சொன்னீங்க. 'புள்ள, கல்லு வச்சுக் கட்டிக்கோன்னு துரை சொல்றாரு'ன்னு. அது உங்க வாய்ல வந்த வார்த்தை. நான் அத நம்பித்தான் சுமந்தேன்."

ரஹிம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மழைக்குள் நின்று, உறையை மட்டும் நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"கோர்ட்ல," என்று குரல் கேட்டது, "அவரு தமிழ்ல பேசலாமா?"

"பேசலாம். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்காங்க."

"அவருக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது."

"நாற்காலி கேட்டா குடுப்பாங்க ஐயா," என்றாள் பிலோ. "இல்லன்னா நான் வீட்டிலருந்து கொண்டாறேன். அடுப்படியில உங்களுக்குப் போடுவோமே, அந்த நாற்காலி."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு கையளவு திறந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து, பழைய மைக்கறை இன்னும் நகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை வெளியே வந்து, உள்ளங்கை மேலாக நின்றது. ரஹிம் இரண்டு கையாலும் உறையை அதில் வைத்தார். கை உள்ளே போயிற்று. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

நாங்கள் வேனுக்கு வந்து உட்கார்ந்ததும் ரஹிம் தன் பிரமாணப் பத்திரத்துக்கான குறிப்பை எழுத, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்:

"ஆபாங், கையில் கொடுத்தேன், சரி. யாரிடம் கொடுத்தேன் என்று எழுதுவது? வீட்டில் அவர் இல்லை என்றாரே."

நான் பிலோவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலாயில், தெளிவாகச் சொன்னாள்:

"இருந்தார் என்று எழுதுங்கள்."